அடியில் போட்ட ஓட்டை

என் மச்சான் வெர்ஜிலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவனை அந்த வியாழக்கிழமை நானே கூப்பிட வேண்டியதாயிற்று. சனிக்கிழமை என் மகள் மாரெனுக்குக் கல்யாணம். தாத்தாவின் பழைய பிக்கப் வண்டியில்தான் சர்ச்சுக்குப் போவேன், அப்பாதான் ஓட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்காக நான் புதிதாக அடித்த நீலப் பெயிண்டோ பானட் முழுக்க அம்மை போட்டதுபோல் பொரிந்து கிடந்தது.

"காத்தோட தண்ணி வந்திருக்கு," என்றான் வெர்ஜில்.

"வராம? குழாய் போட்டது நீதானே!"

பெயிண்ட் அடிக்கக் காற்று தரும் கம்ப்ரசரிலிருந்து என் கராஜின் கூரையோரமாக இரும்புக் குழாய் ஓடவிட்டவன் அவன்தான்.

"டேங்க்ல தண்ணிய வடிச்சியா?"

"தினமும் வடிக்கிறேன். ஒஹாயோவில ஜூலை மாசம் காத்துல ஈரம் இருக்கும்னு தெரியாத நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!"

"வாய் மட்டும் உனக்கு நல்லா வேலை செய்யுது, லோவெல்."

குழாயைப் பார்த்துக்கொண்டே நடந்தவன், ஸ்ப்ரே கன் மாட்டும் இடத்தில் நின்றுவிட்டான்.

"வாத்துக் கழுத்தாட்டம் ஒரு வளைவு வச்சிருந்தேனே, எங்க அது?"

பெரிய குழாயின் மேல்பக்கத்திலிருந்து ஏறி, வளைந்து கீழே இறங்கும் துண்டு அது. போன குளிர்காலத்தில் வெட்டி எறிந்துவிட்டு, அடிப்பக்கத்திலிருந்து நேராக ஒரு குழாயை இறக்கியிருந்தேன்.

"அசிங்கமா இருந்துச்சு," என்றேன்.

"தண்ணி குழாயோட அடியிலதான்யா ஓடும். காத்தை மேலேருந்து எடுத்தா தண்ணி இந்தப் பக்கம் வராம கடைசி வால்வுல போய் வடிஞ்சிரும். நீ அடியில ஓட்டை போட்டு நேரா பெயிண்டுக்கே ஊத்தியிருக்கே! அசிங்கமா இருந்துச்சாம். நான் செஞ்சதுன்னுதானே வெட்டினே?"

ஆமாம், அதனால்தான் வெட்டினேன். அவன் சிரித்திருந்தாலாவது ஓர் அறை விட்டிருப்பேன். அவன் சிரிக்கவில்லை.

வாசலில் மாரென் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மாமா, உங்க ஷெட்டுல அடிச்சிரலாமா? நாளைக்குள்ள முடியுமா?"

"இப்பவே பழைய பெயிண்டைத் தேய்க்க ஆரம்பிச்சா முடியும் கண்ணு."

இருவருமாக பானட்டைக் கழற்றினார்கள். தூக்குவதற்கு நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். மாரென் என் கையை விலக்கிவிட்டாள்.

"நீங்க விடுங்கப்பா. சனிக்கிழமை வண்டியையும் மாமாவே ஓட்டட்டும்."