கண்ணாடிக்கடைக்காரி வரவழைத்த கடல்

கடல் எங்கள் ஊருக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வெங்காயம் கொஞ்சம் விலை ஏறி, உருளைக்கிழங்கு அதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்த வாரம். அதற்கு முன்பெல்லாம் கடல் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி, ஒரு ரயில் ஏறி, ரயிலிலேயே தூங்கி எழுந்திருக்க வேண்டும். அப்படிச் சிரமப்பட்டுப் போய்ப் பார்த்தவர்கள் ஊரில் ஏழெட்டுப் பேர். பார்த்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் இருநூறு பேர். அப்படிப்பட்ட ஊருக்குக் கேட்காமல் கொள்ளாமல் வந்து, பஸ் டெப்போவின் பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது கடல். கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கியிருந்த மத்தியான நேரம் என்பதால் தடுப்பாரில்லை. டெப்போ கழிப்பறைக்குப் போன கண்டக்டர் ஒருவர் முழங்கால்வரை நனைந்து திரும்பி, குழாய் உடைந்துவிட்டது என்று புகார் சொன்னார். பின்சுவரில் ஒட்டிய சிப்பிகள் இன்னும் இருக்கின்றன. நம்பாதவர்கள் போய்த் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் கண்ணாடிக்கடைக்காரிதான் என்பதில் ஊரில் இரண்டாவது கருத்தே இல்லை. செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் அவளுடைய மூக்குக் கண்ணாடிக் கடை. கல்யாணமான மறுவருஷம் திறந்தது. ஊரிலுள்ள ஆட்களைப் பெயர் சொல்லி அவளுக்குத் தெரியாது, மூக்கு பார்த்துத்தான் தெரியும். சோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப எது தெளிவா இருக்கு, இதுவா, அதுவா?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புருஷனுக்குக் குழம்பு ஊற்றினாலும், "இதுவா, அதுவா?" என்பாள். அவர் டெப்போவில் டைம் கீப்பர். கம்பி வலை போட்ட கூண்டுக்குள் மைக்கை வைத்துக்கொண்டு, எந்த பஸ் எந்த ஊருக்குக் கிளம்புகிறது என்று அறிவிக்கிற உத்தியோகம். எதைக் கேட்டாலும், "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்பதே அவர் பதில். அப்படியே ஓடிக்கொண்டிருந்த குடும்பம்.

அவள் மூன்றாம் வகுப்பு படிக்கையில் டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பி, பெரியவர்கள் ஆனால் என்ன ஆகப்போகிறீர்கள் என்று கேட்டார். டாக்டர், டாக்டர், போலீஸ், டாக்டர் என்று வந்துகொண்டிருந்த வரிசையில் இவள் எழுந்து, "கலங்கரை விளக்கம்" என்றாள். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்க வேண்டுமா என்று டீச்சர் எடுத்துக் கொடுத்தார். "இல்ல டீச்சர். கலங்கரை விளக்கமா ஆகணும்." வகுப்பு சிரித்த சிரிப்பில் இரண்டு பெஞ்சுகளுக்குக் கால் போனது, ஒரு பையனுக்கு விக்கல் பிடித்து அது அவன் கல்யாணம் வரைக்கும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு நாற்பத்தொன்பது வயதுவரை அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நிலத் தரகர் ஒருவருக்கு ப்ளஸ் பவரில் ஒரு சில்லைத் தேய்க்க உட்கார்ந்த அன்றுதான் விஷயம் கை மீறியது. தேய்க்கத் தேய்க்கச் சிறுக்க வேண்டிய கண்ணாடி, தேய்க்கத் தேய்க்கப் பெருத்தது. முதலில் சட்டத்தைவிடப் பெரிதானது, பிறகு தட்டைவிட, சாயங்காலத்துக்குள் கடையின் கதவைவிட. வேறு யாராக இருந்தாலும் மிஷினை நிறுத்தியிருப்பார்கள். அவள் நிறுத்தவில்லை. முப்பது சுமையாட்கள் கடையின் முன்சுவரை இடித்து அதை வெளியே எடுத்து, அவள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். அதில் நாலு பேருக்கு இன்றைக்கும் இடுப்பு நிமிரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பல்பை மாட்டி, ராத்திரியெல்லாம் எரியவிடப் போவதாக அவள் சொன்னாள்.

"இந்த வயசுல இது தேவையா?" என்றார் டைம் கீப்பர்.

"எந்த வயசுல தேவை, அதச் சொல்லுங்க."

"பக்கத்துல ஒரு குளம்கூட இல்லாத ஊரு. யாருக்கும்மா வழி காட்டப் போற?"

"ஒரு பல்பு எரிஞ்சா என்னங்க ஆயிடும்?" என்றாள் அவள். எரிந்த முதல் வாரத்தில் ஒன்றும் ஆகவில்லைதான். இரண்டாம் வாரம் ஜன்னல் கம்பிகளில் உப்பு பூத்தது. கடைத்தெருவில் சலவைக்கடை வைத்திருக்கும் அவளுடைய அக்கா, உலர்த்திய போர்வைகள் அப்பளம் மாதிரி விறைத்து நிற்பதாகவும், மடித்தால் உடைவதாகவும் சொன்னாள். மின்கம்பிகளில் வெள்ளைப் பறவைகள் வந்து உட்கார்ந்து, எல்லாம் ஒரே திசையைப் பார்த்தன. நாய்கள் குரைப்பதை விட்டுவிட்டு முகர ஆரம்பித்தன. அதற்கப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

நகராட்சி சும்மா இருக்குமா? அனுமதியின்றி மொட்டைமாடியில் விளக்கு எரித்து ஊருக்குள் கடலை வரவழைத்தது தொடர்பாக உடனடியாக விளக்கம் அளிக்க வேண்டும் என்று ஆணையர் நோட்டீஸ் அனுப்பினார். அவள் நேரில் போனாள். "வெளக்கம்தான சார்? மேல எரியுது, எட்டிப் பாருங்க. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்தாச்சு." ஆணையர் சிரிக்கக் கூடாது என்று நினைத்து இருமினார். விளக்கம் ஏற்கப்பட்டது என்று அடிக்க வேண்டிய டைப்பிஸ்ட், விளக்கம் ஏற்றப்பட்டது என்று அடித்துவிட்டார், முத்திரையும் விழுந்துவிட்டது. சர்க்காரே ஏற்றிய விளக்கை அணைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஊரும் சீக்கிரமே பழகிக்கொண்டது. டெப்போ பக்கம் இருந்த வீடுகளுக்கெல்லாம் காற்றோட்டம் என்று சொல்லி வாடகையை ஏற்றினார்கள்.

பிறகு கப்பல் தெரிந்தது. கொடி இல்லை, புகை இல்லை, சத்தமும் இல்லை. தொடுவானத்தில் ஒரு நகக்கீறல் மாதிரி இருந்தது, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் பெருத்தது. எங்கே நின்று பார்த்தாலும் அது பார்க்கிறவரை நோக்கியே வந்தது. கடைத்தெருவில் நின்றவருக்குக் கடைத்தெருவை நோக்கி, பள்ளிக்கூட வாசலில் நின்றவருக்குப் பள்ளிக்கூடத்தை நோக்கி. சலவைக்கடை அக்கா ஒரு நாள் போர்வை உலர்த்தத் தங்கையின் மாடிக்கு ஏறியவள், அந்தப் பெரிய கண்ணாடி வழியாகக் கப்பலைப் பார்த்துவிட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இறங்கி வந்தவளிடம் யார் இருக்கிறார்கள் என்று டைம் கீப்பர் கேட்டதற்கு, "தெரிஞ்ச மொகம்தான்" என்றாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்து, "மாப்ள, உங்க வீட்ல சின்னத் தலகாணி இருக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கே அவள் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் ஓர் அறையைப் பெருக்கித் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சின்னத் தலையணைதான் ஊரைக் கலக்கிவிட்டது. பெரிய தலையணை கேட்டிருந்தால் ஒருவரும் பயந்திருக்க மாட்டார்கள். கப்பல் கரைக்கு வரக் கூடாது, விளக்கு அணைந்தால் அது வழி தெரியாமல் போய்விடும் என்று எல்லோரும் முடிவு செய்து, டைம் கீப்பரின் கூண்டைச் சுற்றி நின்றார்கள். அவர் ஏற்கெனவே தூக்கம் கெட்டுப்போயிருந்தார். கூண்டுக்குள் இருந்து பார்க்கும்போது, கப்பலின் மேல்தட்டிலிருந்து யாரோ தன்னை, தன்னை மட்டும், முறைப்பதாக அவருக்குப் பட்டது. முறைப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். யார் என்று நினைவு வருகிற மாதிரி இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"அணைச்சிடும்மா" என்றார் அன்று சாயங்காலம்.

"அணைச்சா நான் என்ன ஆவேன்?"

"கண்ணாடிக்கடைக்காரி ஆவ. இத்தன வருஷம் அப்படித்தான இருந்த, கெட்டா போயிட்ட?"

"கெடல," என்றாள். "தேஞ்சுட்டேன்."

அவர் கீழே இறங்கிப் போய் ஃப்யூஸைப் பிடுங்கினார். பிடுங்கியதும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று, தப்பு செய்துவிட்டோம் என்று. கப்பல் திரும்பவில்லை. நாள் கணக்கில் வர வேண்டிய தூரத்தை மூச்சு விடுகிற நேரத்தில் கடந்து, நேராக, கண்ணை மூடிக்கொண்டு ஓடி வருகிறவனைப் போல வந்தது. டெப்போ சுவர் நெரிந்தது. பஸ்களின் கூரைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அதன் மூக்கு எழும்பி நின்றது. கீழே தெருவெல்லாம் அதன் நிழல். அப்போதுதான் முதல் முறையாக அதிலிருந்து சத்தம் வந்தது. நூற்றுக்கணக்கான சின்னக் குரல்கள், இருட்டில் அம்மாவைக் கூப்பிடுகிற அழுகை. டைம் கீப்பருக்கு அதில் ஒரு குரல் மட்டும் தனியாகத் தெரிந்தது. ஃப்யூஸை மறுபடி செருக ஓடினார், செருகினார், உப்புத் தின்ற கம்பி கையிலேயே உதிர்ந்தது. மேலே அவள் பல்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் அது இருந்த இடத்தில் போய் நின்றாள். வேறொன்றும் செய்யவில்லை. வெளிச்சம் வந்தது. அன்றைய வெளிச்சத்தில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு சேவல் கூவியதாகவும், ஊசியில் நூல் கோக்க முடியாத கிழவர்கள் பன்னிரண்டு ஊசிகளில் கோத்ததாகவும் சொல்கிறார்கள். கப்பல் அழுகையை நிறுத்திக்கொண்டு, ஒழுங்கான பஸ் மாதிரி மூன்றாம் பிளாட்பாரத்தில் வந்து நின்றது.

இறங்கியவர்கள் எல்லோரும் ஏழு எட்டு வயதுக் குழந்தைகள். யாரும் வழி கேட்கவில்லை. வரிசையாக நடந்து, அவரவர் வீட்டுக் கதவை அவரவரே தட்டினார்கள். கதவைத் திறந்தவர்களுக்கு அந்தக் குழந்தையைப் பார்த்ததும் தெரிந்தது, சின்ன வயதில் இருந்த தாங்களேதான் அது என்று; மறுக்கவும் முடியவில்லை. அதே சுழி, அதே தழும்பு, அதே உடைந்த முன்பல். அம்மா இருந்த வீடுகளில் அம்மாக்கள் முதலில் சின்னதைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தைகள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. சாப்பிட்டார்கள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பெரியவர்கள் ஆபீசுக்குக் கிளம்புவதையும் திரும்புவதையும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். அவ்வளவுதான். அதைத் தாங்கத்தான் ஒருவராலும் முடியவில்லை. வங்கியின் துணை மேலாளர் மூன்றாம் வகுப்பில் புலியாக ஆசைப்பட்டவர். அவரைத் தேடி வந்தது இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் மெல்ல உறுமியது. நாலாம் நாள் இருவரையும் காணோம், பூட்டு உடைக்கப்படாத ஆட்டுக் கொட்டகைகளில் எண்ணிக்கை குறைந்தது. ஆணையர் தன்னுடையதைக் கூட்டிக்கொண்டு கிணறு தோண்டப் போனார். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்றதற்கு, தண்ணீருக்காக இல்லை, பூமிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று பார்க்க என்றார். தோண்டுகிற சத்தம் இன்னும் கேட்கிறது, ரொம்பக் கீழே. சலவைக்கடை அக்கா தன்னுடையவளைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டாள்; இருவரும் ஒரு போர்வையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு சுவர் மேல் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு, இறங்கியதைப் பார்த்தவர் இல்லை. கண்ணாடிக்கடைக்காரியைத் தேடி யாரும் வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை.

டைம் கீப்பரைத் தேடி வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் கூண்டுக்கு வந்தான். கம்பி வலையில் முகத்தை அழுத்தி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"இங்கயேவா நின்ன, இவ்வளவு நாளா?"

"உத்தியோகம்டா."

"பஸ்ஸெல்லாம் எங்க போவுது?"

அவர் மூச்சு விடாமல் எல்லா ஊர்ப் பெயரையும் ஒப்பித்தார். மைக் இல்லாமலே குரல் டெப்போ முழுக்கக் கேட்டது.

"பேரு எனக்கும் தெரியும்," என்றான் பையன். "அங்க என்ன இருக்கு?"

வாழ்நாள் முழுக்க பஸ்களை அனுப்பியவர், ஒரு பஸ்ஸிலும் ஏறியதில்லை. சின்ன வயதில் அந்தக் கூண்டின் எதிரே உட்கார்ந்து கடைசி பஸ் போகும்வரை பார்த்திருந்தவர். எல்லா பஸ்ஸிலும் ஏறி எல்லா ஊரையும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தவர். பையன் ஒரு வாரம் கூண்டுக்கு வெளியே அதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தான். எட்டாம் நாள் டைம் கீப்பர் கூண்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் வந்து நின்று அண்ணாந்து கத்தினார்.

"போயிட்டு வரேன்!"

"எங்கங்க?"

"கடைசி ஸ்டாப்புக்கு!"

"அப்பறம்?"

"அங்கயிருந்து வேற பஸ் இருக்காமே!"

அவள் கீழே இறங்கி வரவில்லை. இறங்கினால் தொடுவானத்தில் அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்த இரண்டாவது கப்பல், முதலாவதைவிடக் கொஞ்சம் அமிழ்ந்து, கனமாக வந்துகொண்டிருந்த அது, ஊரை இடித்துவிடும். "ஸ்வெட்டர் எடுத்தீங்களா, ரெண்டு பேருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். எடுக்கவில்லை என்று அவர் சொல்வதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

பஸ் திரும்பி வந்தது, அவர்கள் வரவில்லை. ஆனால் டெப்போ ஒலிபெருக்கி, மைக்கருகே யாரும் இல்லாமலே, அவர் குரலில் பேசத் தொடங்கியது. அட்டவணையில் இல்லாத ஊர்ப் பெயர் ஒன்றைச் சொல்லும். அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும். இங்கே ஒரு பாலம் இருக்கிறது, பாதியில் நிற்கிறது. இங்கே எல்லா வீட்டுக்கும் கதவு பச்சை. இங்கே மழை, நாங்கள் ஒரு மரத்தடியில் நிற்கிறோம். நேரம் தெரியாமல் பஸ்ஸைத் தவறவிட்ட பயணிகள் முதலில் சண்டை போட்டார்கள், பிறகு இடம் பிடித்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஊர்கள் தள்ளித் தள்ளிப் போயின. வருஷம் ஆக ஆக நாங்கள் என்பது நான் என்று ஆனது. குரலில் கரகரப்பு குறைந்தது, பிறகு மீசை முளைக்கிற வயதின் உடைந்த குரலாக இருந்தது, இப்போது கீச்சுக் குரல். டெப்போ நிர்வாகம் கூடிப் பேசி, இந்தக் குரலுக்கு அரை டிக்கெட்தான் பொருந்தும் என்று தீர்மானித்து, அவர் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. நேற்று மாலை அந்தக் குரல், இங்கே ரோடு முடிந்துவிட்டது, அதற்கப்புறம் வெறும் இருட்டு என்று அறிவித்தது. மாடியில் இருந்தவள் கப்பல் பக்கம் இருந்த வெளிச்சத்தில் ஒரு கீற்றைப் பிரித்து, கொஞ்சம் தாழ்த்தி, ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தாள். சின்னப் பையன், பயப்படுவான்.