ம் கொட்டிய சுடர்

சோதனைக்கூடத்தில் அவளைச் 'சிக்கனம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எரிவாயுவை ஊட்டுவதில் அப்படியொரு கஞ்சத்தனம். அவள் டர்பைன் எஞ்சினில் எரிவாயு ஒரு சிட்டிகை, காற்று ஒரு மலை. சுடர் அதிகம் சூடாகாது, அதனால் நச்சுப்புகையும் ஏறாது. ஆனால் அதற்கும் கீழே ஒரு துளி குறைத்தால் சுடர் பொசுக்கென்று போய்விடும்.

அன்று காலை கடைசிச் சோதனை: மூன்று மணி நேரம் சுடர் அணையக்கூடாது, புகைமானி ஒன்பதைத் தாண்டக்கூடாது. தவறினால் எஞ்சின் பழைய இரும்புக்கு. பதினோரு வருஷம் அதோடு மல்லுக்கட்டிய அக்கா உதிரிபாகக் கிடங்குக்கு. தீர்ப்புச் சொல்ல வந்திருந்த அதிகாரிக்குக் கூடம் வைத்த பெயர் 'மூக்கு'. நாலு தெரு தள்ளி யாராவது தீக்குச்சி உரசினாலும் முகம் சுளிப்பார்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நாற்பது யானை சேர்ந்து கொட்டாவி விட்டதுபோல எஞ்சின் கிளம்பியது. அக்கா வால்வை மயிரிழை மயிரிழையாகக் குறைத்தாள். மானி பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியதும் மூன்று மணிக் கணக்கு தொடங்கியது. திரையில் நீலச்சுடர் நடுங்கியது.

பதறினால் அவளுக்கு வாய் நிற்காது. நாத்தனார் வீடு மாறியபோது பீரோ மாடிப்படியில் சிக்கிக்கொண்ட கதையைப் பக்கத்தில் நின்ற மெக்கானிக்கிடம் அவிழ்த்துவிட்டாள். மைக்கை அணைக்க மறந்ததில், கதை எஞ்சின் அறைக்குள்ளும் முழங்கியது. பீரோவுக்குள்ளே யாரோ தும்மினார்கள் என்று சொல்லி மூச்சு வாங்கினாள்.

எஞ்சின் பக்கமிருந்து தாழ்ந்த குரலில் வந்தது: "ம்."

"அக்கா, அது ம் கொட்டுது," என்றான் மெக்கானிக்.

"உறுமுதுப்பா."

"உறுமுனா விடாம உறுமும். இது நீங்க நிறுத்துனா மட்டும்தான் வருது."

அக்கா வாயை மூடிப் பார்த்தாள். "ம்?" என்றது. பதில் இல்லாமல் போகவே சுடர் நூலாக இளைத்தது. அவசரமாகக் கதையைத் தொடர்ந்ததும் நிமிர்ந்து நின்றது.

அப்புறம் என்ன, மூன்று மணி நேரமும் கதைதான். பீரோவைத் தூக்க முதலில் நாலு பேர் வந்தார்கள். இரண்டாம் மணி நேரத்தில் தெருவே வந்துவிட்டது. மூக்கும் மானியை மறந்து, "உள்ள யாரும்மா இருந்தது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதைச் சொல்லுமுன் மணி அடித்தது. முள் ஒன்பதிலேயே நின்றிருந்தது. மூக்கு கையெழுத்துப் போட்டார்.

வால்வை மூடினார்கள். சுடர் இல்லை, சுழற்சி இல்லை, மானியில் பூஜ்யம்.

"ம்," என்றது வெறும் எஞ்சின்.

"பொறு, மிச்சத்த அப்புறம் சொல்றேன்," என்று அக்கா மைக்கை அணைத்துவிட்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள்.

கட்டிய நாளிலிருந்து அவள் பேச்சுக்கு ஒரு தடவைகூட ம் கொட்டாதவர் அவள் கணவர். வீட்டுக் கூடத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, உள்ளே இருப்பார் என்ற நினைப்பில் சொன்னாள்: "சுடர் அணையாம நின்னுடுச்சு, தெரியுமா?"

"ம்."

அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது காய்கறிப் பையோடு கணவர் வாசலில் வந்து நின்றார். "யார்கிட்ட பேசிட்டிருக்க?"

அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். கேஸ் அடுப்பு அணைந்து கிடந்தது, தொட்டால் சில்லென்றது.

"ம்... அப்புறம்?" என்றது.

கதை முடிந்தால் அந்த 'ம்'மும் அணைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். முக்காலியை இழுத்துப் போட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள்.

"பீரோ இன்னும் திறக்கல," என்றாள்.