விறகுக்கு வந்த தராசு

தராசைத் தூக்கிக்கொண்டு வருகிற யாரையும் ராமுத்தாய் நம்பியதில்லை. சிறுவயதிலிருந்தே தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தவள். கூடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, கங்காணிக்குக் கோபம் வந்தால் அதற்கும் ஒரு கழிவு. அத்தனையும் போக மிஞ்சுவதுதான் கூலி. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை விறகுப் பாதையில் இன்பமேரி தராசோடு நின்றதைப் பார்த்ததும் அவள் நடையை நிறுத்தினாள்.

இன்பமேரி ஒன்றும் வேற்றாள் இல்லை. அடுத்த லயத்து வரிசைவீட்டுக் கத்தரீனாளின் மகள்தான். மதுரையில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். இப்போது அமெரிக்காவில் மேல்படிப்புக்கு மனுப் போடுகிறாளாம். ஜனங்கள் எதை எரிக்கிறார்கள், அதனால் காடும் காற்றும் என்னவாகிறது, சர்க்கார் அதற்கு என்ன வழி செய்யவேண்டும் என்பதெல்லாம் அங்கே ஒரு படிப்பு. மனுவோடு சொந்தமாக ஓர் ஆய்வும் எழுதி அனுப்பவேண்டும். லயத்து வீடுகளில் எவ்வளவு விறகு எரிகிறது என்று எழுதப்போகிறாள்.

"அடுப்பெரிக்கிறதப் படிக்க அமெரிக்கா போகணுமா? எங்கூட வந்து ஒருநாள் ஊதச் சொல்லு" என்றாள் கூட விறகுக்கு வந்த குருவம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். ராமுத்தாய் சிரிக்கவில்லை.

"தராசு ஏது பிள்ள?"

"ஃபாக்டரியில வாங்குனேன் சித்தி. பெரிய தொரைதான் குடுக்கச் சொன்னாரு. வேல பாக்குற எடத்துலருந்து ஒரு சிபாரிசுக் கடிதம் வேணும். ஆய்வப் பாத்துட்டு அதையும் தாரேன்னு சொல்லியிருக்காரு."

மழைக்குப் போர்த்த ஒரு சாக்குத் தராத மேனேஜர் தொரை இவளுக்குத் தராசும் தந்து கடிதமும் தருகிறாராம். கேட்பவள் கேனச்சியா?

கம்பெனி தரும் விறகு பாதி மாதத்துக்குக்கூடக் காணாது. மீதிக்கு ஞாயிறுதோறும் கம்பெனியின் யூக்காலிக் காட்டில் விழுந்த கிளைகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். வாட்சர் கேட்டைத் திறந்துவிடுவான். அந்த மார்கழியில் மாட்டுப்பட்டி அணைப் பக்கமிருந்து அடித்த காற்றில் குழாய்த் தண்ணீர் உறைந்தது. பிரசவத்துக்கு வந்த மகள் சின்னத்தாயும் பச்சைப்பிள்ளையும் ராமுத்தாய் வீட்டில் இருந்தார்கள். வெந்நீருக்கும் கணப்புக்கும் விறகில்லாவிட்டால் பிள்ளை தாங்காது. இவ்வளவு விறகு போகிறது என்று தொரைக்குத் தெரிந்தால் கேட்டை மூடிவிடமாட்டாரா?

எடை அடுத்த ஞாயிற்றிலிருந்துதான் என்றதால் ராமுத்தாய் அன்றே வீடுவீடாகப் போனாள். "பாதிச் சுமையோட அவ முன்னால போங்க. மிச்சத்த ஓடைப் புதர்ல போட்டுட்டு அவ போனப்புறம் எடுத்துக்கலாம்" என்றாள். கத்தரீனாளும் பெற்ற மகள் முன்னால் பாதிச் சுமையைத்தான் இறக்கினாள். மகள் பறந்துவிடுவாள், லயத்தில் எல்லோரோடும் கிடக்கப்போகிறவள் தாய்தானே.

"கைப்பிள்ள இருக்குற வீட்டுக்கு இது பத்துமா சித்தி?" என்று இன்பமேரி கேட்டாள்.

"தாராளமாப் பத்தும்" என்றாள் ராமுத்தாய். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கே பெருமையாக இருந்தது.

தை பிறந்ததும் ஒரு ஞாயிறு கேட்டில் பூட்டுத் தொங்கியது. "தொரை உத்தரவு" என்றான் வாட்சர் மொக்கையன். "நீங்க பொறுக்குற இத்துணூண்டு சுள்ளிக்காக எதுக்குக் கேட்டத் தெறக்கணும்னு கேக்காரு. டீச்சர் கணக்குல அவ்வளவுதான் இருக்காம்."

ராமுத்தாய் நேராகக் கத்தரீனாள் வீட்டுக்குள் நுழைந்தாள். "எங்க அடுப்ப அவிச்சிட்டு அமெரிக்கா போறியாடி?"

இன்பமேரியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "இந்த விறகு பத்தவே பத்தாது, கம்பெனி கூடுதலாக் குடுக்கணும்னுதான் சித்தி எழுதுனேன். அத விட்டுட்டுக் கணக்க மட்டும் எடுத்துக்கிட்டாரு."

ராமுத்தாய்க்கு உறைத்தது. அந்தக் கணக்கு இவள் எழுதியது இல்லை. நாம் கொடுத்தது.

"கணக்கே பொய்டி" என்றாள். "பாதிச் சுமைய ஓடையில போட்டுட்டு வந்தோம். உங்கம்மாவுந்தான்."

இன்பமேரி அம்மாவைப் பார்த்தாள். கத்தரீனாள் குனிந்து, எரிகிற அடுப்பையே ஊதிக்கொண்டிருந்தாள். மேசைமேல் தொரையின் கடிதத்தோடு கட்டித் தயாராக இருந்தது அமெரிக்கா போகிற உறை. அந்த வாரம் தபாலில் சேர்த்தாக வேண்டும். "நாளைக்குத் தொரையப் பாத்துச் சொல்லிடுறேன்" என்றாள் இன்பமேரி.

சொல்லுவாளாக்கும் என்று நினைத்தாள் ராமுத்தாய். கைக்கு வந்த கடிதத்தை யாராவது விடுவார்களா? மறுநாள் காலை அவள் பின்னாலேயே போய் ஆபீஸ் வாசலில் காவல் நின்றாள்.

உள்ளே தொரையின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. கடிதத்தோடு உள்ளே போய் வெளியே வந்த இன்பமேரியின் கையில் ஒன்றுமில்லை.

"கடிதம்?"

"திருப்பி வாங்கிக்கிட்டாரு."

"கேட்டு?"

"தெறக்கச் சொல்லிட்டாரு. தப்புக் கணக்க வச்சுக் கேட்ட மூடுனது யூனியன் காதுக்குப் போனா வம்புன்னு பயம். மறுபடி எட போட்டுக் காட்டணும்."

"அதுக்குள்ள மனு நாளு முடிஞ்சிடுமே."

"முடிஞ்சிடும்."

ராமுத்தாய்க்குக் கடைசியாக ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "பொய்க்கணக்குக் குடுத்தது யாருன்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு. எனக்குத்தான் தராசு பாக்கத் தெரியலன்னு சொன்னேன்."

அடுத்த ஞாயிறு ராமுத்தாய்தான் முதல் ஆளாக வந்தாள். ஓடைப் பக்கம் திரும்பவில்லை. கழுத்து முறிகிற சுமையை அப்படியே தராசில் மாட்டிவிட்டு விலகி நின்றாள். இன்பமேரி எடையைச் சொல்லி எழுதிக்கொண்டாள். முள் எங்கே நிற்கிறது என்று ராமுத்தாய் எட்டிப் பார்க்கவில்லை.