முதல் திங்கட்கிழமை ஆஜர்

ஆறுமுகசாமி செத்துப் பன்னிரண்டாம் நாள், 1994 செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, நன்னடத்தை அலுவலர் பார்க்க வருவார் என்பதால் காலை பதினோரு மணிக்கு வீட்டில் இருந்தார். அன்று வெங்காயமும் விலை ஏறியிருந்ததால் மண்டி மொஹல்லாவில் இதைப் பற்றிய பேச்சு மத்தியானத்துக்கு மேல்தான் சூடு பிடித்தது. அவர் தர்மபுரிப் பக்கத்திலிருந்து கன்னடச் சீமைக்குப் பிழைக்க வந்த கொத்தனார். சித்தாள் வேலைக்கு வந்த மனைவி அஞ்சலையைக் கெட்ட வார்த்தை சொன்ன மேஸ்திரியின் மண்டையை மட்டப்பலகையால் பிளந்தவர். முதல் குற்றம் என்று நீதிபதி சிறைக்கு அனுப்பாமல் மூன்று வருட நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அலுவலர் வரும்போது வீட்டில் இருக்க வேண்டும், கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ஆறுமுகசாமி எழுதிக் கொடுத்ததை மீறாத மனுஷர். பத்திரம் எழுதிய ஏழாம் மாதம் சாரம் சரிந்து செத்துப்போனதை அவர் ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை.

அலுவலர் மஞ்சுநாத்துக்கும் பெரிய சிக்கல் இல்லை. படிவத்தில் ஆஜர், ஆஜரில்லை என்று இரண்டே கட்டம். ஆள் எதிரே இருந்தார். ஆஜர் என்று குறித்தார். "வேலைக்குப் போறியா?" "இல்லீங்க." "குடிக்கிறியா?" "இல்லீங்க." "ஜகளா, சண்டை கிண்டை?" "இல்லீங்க." அலுவலர் கேட்டால்தான் அவர் வாய் திறந்தது. அஞ்சலை புருஷன் காலடியில் உட்கார்ந்து அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். அவர் அலுவலர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலர் வாசல் தாண்டியதும் நாற்காலி காலி.

அவர் செத்த மூன்றாம் மாதம் அஞ்சலைக்கு வழி கிடைத்தது. "நீங்க கேளுங்க சார். என்னைய விட்டுட்டுப் போனதுல வருத்தமான்னு கேளுங்க." மஞ்சுநாத் பேனாவை மூடினார், திறந்தார், கேட்டார். "ஆமாங்க" என்றார் ஆறுமுகசாமி. 'இதர குறிப்புகள்' என்ற இடத்தில் அது பதிவானது. அதன் பிறகு கால்மணி நேர விசாரணை ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அலுவலரை எழுந்திருக்க விடாமல் உப்பிட்டு, காபி, மறுபடி காபி. அவள் கேட்கச் சொன்னவை ஒன்றும் பெரிய விஷயங்கள் அல்ல. மழைக்கு எந்த ஓட்டை மாற்றுவது, விழுந்தபோது வலித்ததா, மாதேஸ்வரன் மலைக்குப் போன பஸ்ஸில் இருவரும் நின்றுகொண்டே போனது ஞாபகம் இருக்கிறதா. எதிர்வீட்டு லிங்கம்மா ஜன்னலோரம் பூக்கட்டுகிற சாக்கில் அத்தனையும் கேட்டாள். திங்கட்கிழமைச் சரங்கள் மட்டும் கோணலாக வந்தன.

தப்பு நடந்தது தெருவால்தான். விதிப்படி அலுவலர் அக்கம்பக்கத்திலும் விசாரிக்க வேண்டும். ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் பேசாத பேச்சு அந்தத் தெருவில் கிடையாது. ஆனால் சர்க்கார் ஆள் வந்து கேட்டால் எல்லாருக்கும் எல்லாரும் நல்லவர்கள். "சத்தமா ஒரு வார்த்த கிடையாது சார்" என்றாள் பக்கத்து வீட்டு உமாதேவி. "ஒள்ளே மனுஷா சார், தங்கம்" என்றாள் லிங்கம்மா. மாதாமாதம் இந்தப் புகழ்ச்சி கோப்பில் சேர்ந்து தடித்தது. தொண்ணூற்றாறு தொடக்கத்தில், ஒழுங்காக இருப்பவர்களைக் கெடு முடியும் முன்பே விடுவித்து அலுவலர்களின் சுமையைக் குறைக்கலாம் என்று மேலிடம் முடிவு செய்தபோது, முதலில் எடுத்த கோப்பே இதுதான். விடுவித்துவிட்டால் திங்கட்கிழமை இல்லை.

அஞ்சலை வீடு வீடாக ஏறினாள். "அக்கா, அவரு கெட்டவருன்னு சொல்லுங்கக்கா. குடிக்கிறாரு, கல்லெறியறாருன்னு சொல்லுங்க." பழகிய வேலைதானே, தாராளமாகச் சொன்னார்கள். லிங்கம்மா தன் ஜன்னல் கண்ணாடியைத் தானே உடைத்துத் துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். மஞ்சுநாத் முறைப்படி கேட்டார்: "நீ உடைச்சியா?" "இல்லீங்க." அஞ்சலை தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒரே ஒரு தடவ ஆமான்னு சொல்லேன்யா!" அவர் அடுத்த கேள்விக்காக அலுவலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை மஞ்சுநாத் கோர்ட்டு உத்தரவோடு வந்தார். காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவே அரைமணி நேரம் ஆக்கினார், நல்ல மனுஷர். கேட்கச் சொல்ல எத்தனையோ இருந்தும் அஞ்சலைக்கு ஒன்றுதான் வாயில் வந்தது. "சாப்ட்டாரான்னு கேளுங்க சார்." கேட்டார். "இல்லீங்க." அவள் உள்ளே ஓடினாள். களியும் கீரையும் தட்டில் போட்டுக்கொண்டு திரும்பியபோது அலுவலர் மட்டும் இருந்தார். உத்தரவின் அடியில் ஆறுமுகசாமியின் கையெழுத்து ஈரமாக இருந்தது.

"போடுன்னு நான் சொல்லலம்மா. எடத்த வெரலால காட்டிட்டேன். பழக்கம்."

அவள் தட்டை அவர் கையில் கொடுத்தாள். மஞ்சுநாத் தலை நிமிராமல், மிச்சம் வைக்காமல் தின்று முடித்தார்.

மறுநாள் காலை அஞ்சலை நெற்றியில் பொட்டில்லாமல் கடைக்குப் போனாள். புருஷன் செத்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறதே, இப்போது என்ன என்று அந்தத் தெருவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.