மார்லிஸின் ரிவால்வரை என்ன செய்வது

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு மார்லிஸ் என் தலையில் கட்டியது. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், வயது அறுபத்திரண்டு. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை இலை வாரிக்கொண்டிருந்தவர், அதை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் வந்தார்.

"நீதான் கதையெல்லாம் எழுதுறியே, ஒண்ணு சொல்லு. என் துப்பாக்கிய விக்கட்டுமா, வச்சுக்கட்டுமா?"

அமெரிக்காவில், தெற்கு டகோடாவில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு டீச்சர் நான். இந்தத் தெருவில் துப்பாக்கி இல்லாத வீடு என்னுடையது ஒன்றுதான். கேட்க வேறு ஆளே கிடைக்கவில்லையா இவருக்கு?

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

துப்பாக்கி என்பது ஒரு... (வேண்டாம். இப்படித் தொடங்கினால் பிரசங்கத்தில்தான் போய் முடியும்.)

அலமாரிக்குள் அந்த இரும்பு உறங்கிக்கொண்டு... (சீ. இரும்பு உறங்குமாம்.)

மார்லிஸுக்கு வெர்லின் என்று ஒரு தம்பி இருந்தார்... (இருந்தாராவது! இருக்கிறார். அவர் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடும்.)

மனைவி இறந்து, நிலமும் ஏலத்தில் போன பிறகு, ஆகஸ்டில் ஒருநாள் வெர்லின் உயிரை விடப் பார்த்தார். ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்தார். சனிக்கிழமை அக்கா வீட்டோடு தங்க வருகிறார். அந்த வீட்டில் ரிவால்வர் இருக்கிறது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, விற்றுத் தொலையுங்கள் என்றேன்.

"உனக்கு கோர்டியத் தெரியாது," என்றார் மார்லிஸ். கோர்டி அவருடைய பழைய கணவன். விலா எலும்பு இரண்டை உடைத்தவன். விவாகரத்து ஆன வாரம் வாங்கிய துப்பாக்கி அது. "பதினோரு வருஷமா அது இருக்கிற தைரியத்துலதான் கண்ண மூடுறேன். அவன் இங்கேருந்து இருபது மைல்லதான் இருக்கான்."

தெரியாமல் வாயை விட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

3

(முதல் பிரதியில் இந்த இடத்தில் மார்லிஸ் அழுதார். பொய். அழுதது நான். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

கடைசியில் விற்பது என்றுதான் முடிவு செய்தோம். சனிக்கிழமை வெர்லின் மாலைதான் வருவார். காலையிலேயே துப்பாக்கிக் கடைக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்று ஏற்பாடு. துணைக்கு நானும் அவர் வீட்டுக்குப் போனேன். மார்லிஸ் குண்டுகளைக் கழற்றிச் சமையலறை மேசையில் வைத்தார். அப்போது கதவு திறந்தது. காலை பத்து மணிக்கே, கையில் ஒரு பையோடு வெர்லின்.

முதல் பிரதியில் மார்லிஸ் துப்பாக்கியை மாவு டப்பாவுக்குள் ஒளித்தார். நடந்தது அதுவல்ல. இந்த ஊரில் சின்ன வயதிலேயே கைக்கு ஏறிவிடும் பழக்கம் ஒன்று உண்டு: துப்பாக்கியை எடுத்தால் திறந்து, காலியா என்று பார்க்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் நீட்ட வேண்டும், அவரும் பார்க்க வேண்டும். பதறிப்போன மார்லிஸின் கை அதைத்தான் செய்தது. குண்டு போடும் உருளையை வெளியே தள்ளினார், பார்த்தார், தம்பியிடம் நீட்டிவிட்டார். யார் கண்ணில் படக் கூடாதோ அவரிடமே!



வெர்லினின் கையும் தானாக நீண்டது. பாதி வழியில் நிறுத்தி, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"இப்ப அத நான் வாங்கக் கூடாதுக்கா."*

மார்லிஸின் முகம் வெளுத்துவிட்டது. "பழக்கதோஷம்டா. கை பாட்டுக்கு..."

"தெரியும். டீச்சர் பாக்கட்டும்."

"இவளா? அது எந்தப் பக்கம் சுடும்னே இவளுக்குத் தெரியாது."

"ஆறு ஓட்டை இருக்கும். எண்ணத் தெரியும்ல, கணக்கு டீச்சராச்சே?"

எண்ணினேன். ஆறும் காலி. சத்தமாக வேறு எண்ணித் தொலைத்திருக்கிறேன். அக்காவும் தம்பியும் சிரித்துவிட்டார்கள்.

*அவர் சொன்னது பெயரைச் சுருக்கி 'மார்' என்று. என் காதில் அக்கா என்றுதான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

4

முடிவுகள் சில வைத்திருந்தேன். விற்றுவிட்டார்: நீதிக்கதை ஆகிவிடும், மார்லிஸுக்குத் தூக்கம் போய்விடும். வைத்துக்கொண்டார்: எனக்குத் தூக்கம் போய்விடும். வெர்லினே ஆற்றில் எறிந்து... (சினிமா.)

நடந்ததைச் சொல்கிறேன். விற்க வேண்டாம், கடையில் கேட்டால் பின்னறையில் பூட்டி வைத்துக்கொள்வார்கள் என்றார் வெர்லின். மூவரும் போனோம். கடைக்காரர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கி, திறந்து பார்த்து, பூட்டினார்.

திரும்பும்போது மார்லிஸ்தான் வண்டி ஓட்டினார்.

"கோர்டி வந்தா என்னடா பண்றது?"

"நான் இருப்பேன்ல."



"அப்ப அத வித்துடவா, திரும்ப வாங்கிக்கவா? நீயே சொல்லு."

"இப்ப என்னைக் கேக்காத. மே மாசம் கேளு. விதைப்பு முடியட்டும்."

"எந்த விதைப்பு? நிலந்தான் போச்சே."

"ஊர்ல மத்தவன் விதைக்க மாட்டானா? போய் டிராக்டர் ஓட்டுவேன்."

ஆகஸ்டிலிருந்து அவர் அடுத்த நாளைப் பற்றிக்கூடப் பேசியதில்லை. மார்லிஸ் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சரி, மே மாசம் கேக்குறேன்," என்றார். பின் இருக்கையில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

5

இதை எழுதுவது டிசம்பரில். வெளியே முழங்கால் அளவு பனி. மார்லிஸ் தூங்குகிறாரா என்று கேட்டேன். சில நாள் தூங்குகிறாராம், சில நாள் இல்லையாம். ஆகவே முடிவு என் கையில் இல்லை. வாசகரே, விற்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் இஷ்டம், நான் குறுக்கே வரமாட்டேன். வெர்லினை மட்டும் மே மாதம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.