கடலோரத்தில் அத்தான் செய்ய வேண்டியவை

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு விளம்பரக் கட்டுரை. வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் எழுத்து வேலை பார்க்கிறேன். கடலோரத்துக்குப் போனால் என்னவெல்லாம் செய்யலாம் என்று போன மாதம் எழுதிக் கொடுத்தேன். கலங்கரை விளக்கத்தில் ஏறுங்கள், துறைமுகத்தில் மீன் ஏலம் பாருங்கள், கழிமுகத்தில் படகில் போங்கள், மாலையில் மணலில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள். அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. ஜன்னல் இல்லாத அறையில், ஏசி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுதினேன்.

இன்று அக்காவும் அத்தானும் அங்கேதான் இருக்கிறார்கள். அனுப்பி வைத்தது நான். சும்மா உட்கார முடியாமல் இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் அக்கா என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். "அவரோட பேசிப் பாக்கறது இதுதான் கடைசித் தடவைடீ. சரியாச்சுன்னா சாயங்காலம் ரயில் ஏறினதும் அம்மாவுக்குப் போன் பண்றேன். போன் வரலன்னா, நான் மட்டும் தனியா உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். எதுவும் கேக்காம கதவைத் திற."

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

2

முதல் வரியை எப்படி ஆரம்பிப்பது?

கடல் அன்று அமைதியாக — (நான் பார்த்தேனா?)

ரயிலில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் கனத்த மௌனம் — (வேண்டாம். இந்த வருடம் எழுதிய எல்லாக் கதைகளிலும் இந்த மௌனத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன். அதற்கே அலுத்திருக்கும்.)

அவர் லிப்ட் மெக்கானிக்.

இது உண்மை. இங்கிருந்து போகலாம்.

3

என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் இருக்கிறது. அத்தான் நல்லவரா, கல்நெஞ்சக்காரரா? எங்கள் வீட்டுக்கு வந்தால் "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதற்கு முன்னால் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "பேரிங் போயிருக்கு" என்பார். இயந்திரம் முனகினால் அடுத்த தெருவிலிருந்தே கேட்கும். பக்கத்தில் ஆள் அழுதால் "ம்" என்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அன்று மதியம் ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலருகே நின்றிருந்த அத்தானுக்கு ஒரு போன் வந்தது. "ஒரு லிப்ட் நின்னுடுச்சாம். உள்ள ஆளுங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இருட்டிய பிறகுதான் திரும்பினார். கையெல்லாம் கிரீஸ். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இன்றுவரை அந்த வீட்டில் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள்.*

* அவர் போனபோது அக்காவின் கையைப் பிடித்திருந்தவள் நான். ஆகவே இந்தப் பாத்திரத்தை நடுநிலையோடு எழுத என்னால் ஆகாது. வாசகர் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும்.

4

எழுதுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு முட்டாள்தனத்தை நான் செய்தேன். அவர்களுடைய ஒருநாள் பயணத்தைக் கதைபோலத் திட்டமிட்டேன்.

கலங்கரை விளக்கத்துப் படிகள் செங்குத்து. அக்காவுக்கு மூச்சு வாங்கும், அவர் கை கொடுப்பார். மீன் ஏலத்தில் காது கிழியும் இரைச்சல், எதைச் சொல்வதானாலும் காதோரம் குனிந்துதான் சொல்லவேண்டும். படகில் அவர் எங்கேயும் ஓட முடியாது, தண்ணீருக்கு நடுவில் எந்த லிப்ட்டும் நிற்காது. கடைசியில் மணல், அந்தி, அவர் வாய் திறக்கும் காட்சி.

அந்தக் காட்சிக்கு அவருக்கு வசனம்கூட எழுதி வைத்திருக்கிறேன்:

"அன்னைக்கு உனக்கு எந்தக் கதவையும் என்னால திறக்க முடியல. அந்த லிப்ட் கதவையாவது திறக்கலாம்னு ஓடினேன்."

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

5

மதியம் அக்கா போன் செய்தாள்.

"லைட்ஹவுஸ் ஏறினீங்களாக்கா?"

"நான் ஏறினேன். அவர் கீழ டீக்கடையில நிக்கறார். ஃப்ரிட்ஜ் சத்தம் சரியில்லையாம்."

"ஏலம்?"

"ஏலம் பாருங்கன்னு எழுதியிருக்கியே, எந்த நேரத்துலன்னு எழுத மாட்டியா? விடியக்காலையிலேயே முடிஞ்சிடுமாம். நாங்க போனப்ப தரையைக் கழுவிட்டிருந்தாங்க. ரெண்டு பூனை இருந்துது. ஈரத்துல நடந்து என் செருப்பு அறுந்துபோச்சு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் இரைச்சலும் போயிற்று, காதோரமும் போயிற்று.

"படகு?"

"சாயங்காலம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம்டீ. அன்னைக்கு ஏன் போனேன்னு ஒரு வார்த்தை. அவர் வாயால. நீ சொல்லிக் குடுத்து அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சிடும், ஞாபகம் வச்சுக்கோ. உன் வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம்."

என் மேசைமேல் அந்த வசனம் கிடந்தது. அதன்மேல் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தேன். போனில் அவளுக்குத் தெரியாதுதான், ஆனாலும் வைத்தேன்.

6

அத்தான் எனக்குப் போன் செய்து பேசியதாக நினைவே இல்லை. இன்று செய்தார்.

"என்னம்மா, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க அத்தான். அக்கா எங்க?"

"படகுல உக்காந்துட்டா. நான் தண்ணி பாட்டில் வாங்கணும்னு சொல்லிட்டு வந்தேன்." தொண்டையைச் செருமினார். "அவ ஒண்ணு கேட்டாம்மா. இத்தனை வருஷம் கேக்கல, இப்பக் கேட்டுட்டா. என்ன சொல்றதுன்னு தெரியல. நீ கதையெல்லாம் எழுதறவளாச்சே. நல்லதா ஒண்ணு சொல்லு, நான் சொல்லிடறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் பாத்திரம் என்னிடமே வந்து வசனம் கேட்கிறது. புத்தகத்தை நகர்த்தினேன். "இப்படிச் சொல்லுங்க அத்தான். அன்னைக்கு உனக்கு எந்தக் கதவையும் —"

மதியம் அக்கா எச்சரித்த குரல் காதில் கேட்டது. நிறுத்திவிட்டேன்.

"கதவா? என்ன கதவு?"

"ஒண்ணுமில்ல. நீங்க ஏன் போனீங்க அத்தான்? நெஜமாவே எனக்கும் தெரியாது."

பின்னால் யாரோ விசில் ஊதினார்கள்.

"அங்க எல்லாரும் எதையாவது பிடிச்சிட்டு நின்னீங்க. நீ அவ கையைப் பிடிச்சிருந்த. அம்மா பையைப் பிடிச்சிருந்தாங்க. எனக்குக் கையை எங்க வச்சுக்கறதுன்னே தெரியலம்மா. அப்பப் போன் வந்துது."

மூன்று வருடமாக இந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"அதையே சொல்லுங்க அத்தான்."

"எதை?"

"கையை எங்க வச்சுக்கறதுன்னு தெரியலன்னு."

"சே. அதெல்லாம் ஒரு பதிலா? கேட்டா சிரிப்பா. நீ எழுதற மாதிரி அழகா ஒண்ணு குடும்மா. சீக்கிரம், படகை எடுக்கறாங்க."

"அழகாவே வேணாம். கையை மட்டும் சொல்லுங்க, போதும்."

"ம்" என்றார். இணைப்பு துண்டானது.

எத்தனையோ கதைகளில் எத்தனையோ வரிகளுக்குப் பொருள் சொல்லியிருக்கிறேன். அந்த "ம்" சரி என்றா, முடியாது என்றா என்று எனக்குத் தெரியவில்லை.

7

முடிவுகள்:

(அ) படகில் அவர் அதைச் சொல்கிறார். அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். (இது என் ஆசை. ஆசையை முடிவு என்று விற்கக் கூடாது.)

(ஆ) "காத்து ஜாஸ்தியா இருக்கு" என்கிறார். அக்கா கரையில் இறங்கி, அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகப் பேருந்து ஏறுகிறாள்.

(இ) நடுத்தண்ணீரில் படகின் என்ஜின் நின்றுவிடுகிறது. அத்தான் — (ஐயோ, வேண்டாம். பாதி எழுதிய பிறகுதான் உறைத்தது. என்ஜின் நின்றால் அவர் மறுபடியும் அங்கே எழுந்து ஓடுவார். தயவுசெய்து யாரும் எதையும் நிறுத்தாதீர்கள்.)

(ஈ) அவர் என் அழகான வசனத்தைத் தானே யோசித்து — (நடக்காது.)

8

ரயில் கிளம்பும் நேரம் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது. தாமதமாக வந்திருக்கலாம். சிக்னல் இல்லாமல் இருக்கலாம். நான் இரண்டு தடவை கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

"போன் வந்துதாடீ?" என்று பக்கத்து அறையிலிருந்து அம்மா கேட்கிறாள். போன் அவள் மடியில்தான் இருக்கிறது.

"உன்கிட்டதானேம்மா இருக்கு."

"அது தெரியும். உனக்கு ஏதாவது வந்துதான்னு கேட்டேன். காலையிலேர்ந்து நீ நகத்தைக் கடிக்கறதை நான் பாக்கலன்னு நினைச்சியா?"

விரலை வாயிலிருந்து எடுத்தேன். அம்மா எழுந்து வந்து போனை என் மேசைமேல் வைத்துவிட்டு, கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு, வாசல் பக்கம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

கீழே லிப்ட் கிளம்பும் சத்தம் கேட்கிறது. போன மாதம் வந்தபோது யாரும் சொல்லாமலேயே அத்தான் அதற்கு எண்ணெய் விட்டுச் சரிசெய்தார். இப்போது அது முனகுவதில்லை, மேலே வருவது மட்டும் தெரிகிறது. இந்தக் கட்டடத்தில் நிறைய வீடுகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வரலாம்.

நான் பேனாவை மூடிவிட்டேன். நான் எதை எழுதினாலும் அக்கா என் வசனம் என்று கண்டுபிடித்துவிடுவாள். அம்மாவின் போனை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். அது அடித்தால் நீங்களே எடுங்கள். நான் கதவருகே போய் நிற்கிறேன், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்.