ஆண் சிலந்தியை உள்ளே விட்டவன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவள் ஜலீலா. "காத்து தள்ளிடுச்சு" என்று அவள் முதலாளியிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பூட்டிய அறைக்குள் இருக்கும் மூடிய பெட்டிக்குள் எந்தக் காற்று போகும்? முதலாளி அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட கேள்வியோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"தோஸரின் பேரீச்சந்தோப்புகள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், காலத்தின் மௌனத்தைப் போல–"

விட்டுவிட்டேன். இது சுற்றுலாத் துறை எழுத வேண்டிய வாக்கியம்.

இரண்டாவது:

"ஜலீலா கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்தபோது, ஒரு தாயின்–"

இதை நான் விடவில்லை. ஜலீலா நிறுத்தினாள்.

(நான் எழுதும் மொழி இங்கே தோஸரில் யாருக்கும் தெரியாது. இந்தப் பாலைவன விலங்குக் காட்சிசாலையில் டிக்கெட் கொடுப்பதும் பெட்டிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதும் என் வேலை. டிக்கெட் மேசையில் நான் வெள்ளைத் தாளை எடுத்தாலே ஜலீலா வந்து நிற்பாள். வரி வரியாகப் பொருள் சொல்ல வேண்டும்.)

"யாரு தாய்?" என்றாள்.

"சும்மா ஒரு உவமை."

"போன வருஷம் பத்திரிகைக்காரி ஒருத்தி வந்தாளே, ஞாபகம் இருக்கா? பிள்ளை இல்லாத பொம்பள சிலந்தியப் பிள்ளையா வளக்கிறாள்னு எழுதினா. எங்கம்மா அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்பில போட்டாங்க. நீயும் அதையே எழுதினே, உன் மேசை டிராயர்ல தேள் இருக்கும். சொல்லிட்டேன், எழுத்தாளரே."

அவளிடம் தேள்கள் நிறைய இருந்தன. உவமையை எடுத்துவிட்டேன்.

2

ஆகவே வெறும் தகவலாகத் தொடங்குகிறேன்.

ஜலீலாவின் பொறுப்பில் இருந்தது சிலந்தி அறை. அதில் அவள் அதிகம் பாடுபட்டது வெல்வெட் சிலந்திகளுக்காக. கட்டைவிரல் நகத்தளவு உடம்பு, சாம்பல் நிறம், தொட்டால் மெத்தென்று இருக்கும். வெளியே முட்புதர்களில் கூம்பு மாதிரி பட்டுக்கூடு கட்டி வாழும். அறைக்குள் அவற்றுக்குக் காய்ந்த புதர்க்கிளையும், காலை வெயில் விழும் ஜன்னலும், எண்ணெய்க் கிண்ணங்களில் கால் வைத்த அலமாரியும் கொடுத்திருந்தாள். எண்ணெய் எதற்கு என்றால், எறும்பு. ஒரு முட்டைப் பையை எறும்பு மோப்பம் பிடித்தால் அன்றோடு அது காலி.

முட்டைப் பை பார்ப்பதற்குச் சட்டைப் பொத்தான் போல வெள்ளையாக, தட்டையாக இருக்கும். ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்கும். குறைந்தால் முட்டை வற்றிப்போகும். கதவைப் பட்டென்று சாத்தினால் பெண் சிலந்தி மிரண்டு, தானே பையைத் தின்றுவிடவும் கூடும். அதனால் அந்த அறையில் எல்லாரும் நோயாளி வீட்டில் நடப்பது போல நடந்தோம். ஜலீலா கூட்டின் ஓரத்தில் தூரிகை நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பாள். வைத்துவிட்டு மூச்சை விடுவாள். அதுவரை மூச்சு எங்கே இருக்கும் என்று தெரியாது.

குளிர்காலத்தில் கடற்கரை நகரமான ஸ்ஃபாக்ஸிலிருந்து ஆய்வுக்கூடத்து அம்மாள் ஒருவர் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். "பெட்டிக்குள்ளயே முட்டை வச்சுப் பொரிச்சுக் காட்டு. குஞ்சுகளோட நீயும் வந்திடு. அங்க ஒரு முழு அறையே உனக்குத் தர்றேன்" என்றார்.

ஜலீலா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மதியம் அவள் சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்ததை இரண்டு பேர் பார்த்தோம். ஒருவன் நான்.

3

இன்னொருவன் மப்ரூக்.

இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். மப்ரூக்கை நல்லவனாக எழுதினால் கதை நடக்காது. கெட்டவனாக எழுதினால் நடந்தது பொய்யாகிவிடும்.

அவன் பாம்புக்காரன், வழிகாட்டி, ஈ வளர்ப்பவன். அழுகிய பேரீச்சம்பழத்தைத் தொட்டியில் போட்டு ஈ பெருக்கி, ஜாடியில் பிடித்துச் சிலந்தி அறைக்குக் கொடுப்பான். அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்தான், கல்யாணம் ஆகவில்லை. ஜலீலாவுக்கு ஒரு முறை ஆகி, முடிந்தும் போயிருந்தது. மதியம் இருவரும் ஒரே ரொட்டியைப் பிய்த்து, ஒரே தட்டு ஹரீஸா மிளகாய் விழுதில் தொட்டுத் தின்பார்கள். அவன் தன் பங்கு ஆலிவ் காய்களை அவள் பக்கம் தள்ளிவிடுவான். அவள் கேட்டதில்லை. வேண்டாம் என்றதும் இல்லை.

அவன் எப்போதாவது அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருப்பான் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை வாசித்தபோது ஜலீலா சிரித்துவிட்டாள்.

"அவனா? கேக்கிறதுக்கு வாய் வேணும்."

"அவனுக்கு வாய்க்கா குறைச்சல்?"

"அது வேற வாய்."

அந்த வேறு வாயை நீங்களும் கேட்க வேண்டும். பார்வையாளர்கள் சிலந்தி அறை வாசலுக்கு வந்ததும் அவன் தொடங்குவான்:

"வாங்க, வாங்க. இதோ இந்தப் பெட்டில இருக்கிறவன் மாப்பிள்ளை. லேட்டா வந்த மாப்பிள்ளை. பொண்ணு ஏற்கெனவே முட்டைப் பையைக் கட்டிப் பிடிச்சு உக்காந்திருக்கா. இவன் வீட்டுக்குள்ள நுழையறான். வணக்கம் இல்ல, சலாம் இல்ல. பையைப் பிடுங்கி வாசல்ல வீசிடறான்! எவனோ பெத்த பிள்ளைக்கு நான் ஏன்டா காவல் இருக்கணும்ங்கிறான். ஐயோ அம்மா, நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? அவ மறுபடி முட்டை போடுவா. கொஞ்ச நாள் ஆகும், அவ்ளோதான்!"

உள்ளேயிருந்து ஜலீலாவின் குரல் வரும்: "மப்ரூக், உன்னைவிட உன் பாம்புங்க மரியாதையா நடந்துக்குது."

"அதுங்களுக்குச் சம்பளம் இல்லியே ஜலீலா!"

கூட்டம் சிரிக்கும். தினமும் சிரித்தது.

(இந்தப் பத்தியை நான் வேண்டுமென்றே நீளமாக எழுதியிருக்கிறேன். அவனுக்கு இது மனப்பாடம் என்பது உங்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.)

4

வசந்தத்தில் ஒரு பெண் சிலந்தி முட்டைப் பை கட்டியது. அதற்கு முன்பு வேறொன்று கட்டிய பை பூஞ்சை பிடித்துப் போயிருந்ததால், நம்பிக்கையெல்லாம் இதன்மேல்தான். ஸ்ஃபாக்ஸ் அம்மாளுக்கு ஃபோன் போயிற்று.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர் நஃப்தாவில் ஜலீலாவின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. அறைச் சாவியை மப்ரூக்கிடம் கொடுத்தாள்.

"தண்ணி ஒரு சொட்டு. ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டு. கதவை மெதுவா சாத்து. பாட்டுப் பாடாதே."

"மூச்சு விடலாமா?"

"வெளிய போய் விடு."

திரும்பி வந்தபோது கையில் கல்யாண இனிப்புப் பெட்டி இருந்தது. அறைக்குள் போனாள். வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

முட்டைப் பை மணலில் கிடந்தது. கூட்டின் வாயில், கால்களைப் பரப்பிக்கொண்டு, ஆண் சிலந்தி உட்கார்ந்திருந்தது. அதன் சொந்தப் பெட்டி எதிர் அலமாரியில் இருந்தது. மூடி சரியாக மூடியிருந்தது. மூடியின் மேல் ரப்பர் பேண்டும் போட்டிருந்தது. தானாக வெளியேறும் சிலந்தி ரப்பர் பேண்டைத் திரும்ப மாட்டிவிட்டுப் போகாது.

அவள் ஆண் சிலந்தியை எடுத்து அதன் பெட்டியில் விட்டு முடித்த நேரத்தில் முதலாளி சி லஸ்ஹர் (சி என்றால் இங்கே ஐயா மாதிரி) வந்து சேர்ந்தார்.

"யாரோட வேலை இது? பேரைச் சொல்லு. இன்னிக்கே வெளிய அனுப்பறேன்."

மப்ரூக் வாசலில் நின்றிருந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தப் பகுதி எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"காத்து தள்ளிடுச்சு, சி லஸ்ஹர்" என்றாள் ஜலீலா. "தெக்கத்திக் காத்து. போறப்ப ஜன்னலை நான் ஒழுங்கா சாத்தல."

5

அவள் ஏன் அப்படிச் சொன்னாள்?

மூன்று காரணங்கள் எழுதினேன். மூன்றையும் வாசித்துக் காட்டினேன். "இல்ல" என்றாள் முதலாவதுக்கு. "இல்ல" என்றாள் இரண்டாவதுக்கு. மூன்றாவதைக் கேட்டுவிட்டு, "நீ உன் வேலையைப் பாரு" என்றாள். மூன்றாவது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். டிராயர் இன்னும் என்னுடையதுதான்.

மதியம் அவள் ஈக்கொட்டகைக்குப் போனாள். நான் தேநீர் கொண்டு போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நேத்து எத்தனை பேருக்கு அந்தக் கதையைச் சொன்னே?" என்றாள்.

"எந்தக் கதை?"

"லேட்டா வந்த மாப்பிள்ளை."

மப்ரூக் ஜாடி மூடியைத் திருகினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"எதுக்கு, மப்ரூக்?"

["நீ போயிடுவியே" என்றான் மப்ரூக். அவன் கண்கள் கலங்கின.]

மேலே இருக்கும் வரியை அடித்துவிட்டேன். அவன் அப்படிச் சொல்லவில்லை, கண்ணும் கலங்கவில்லை. நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன், அதனால் எழுதிவிட்டேன். அவன் சொன்னது இதுதான்:

"மறுபடி முட்டை போடும். கொஞ்ச நாள்தான் ஆகும்."

"யாருக்குக் கொஞ்ச நாள்?"

 தொட்டியில் ஈக்கள் இரைந்தன. பிறகு அவளைப் பார்க்காமலேயே, "ஸ்ஃபாக்ஸ்ல உனக்கு யாரு ஈ பிடிச்சுத் தருவா?" என்றான்.

அவள் கல்யாண இனிப்புப் பெட்டியை அவன் பக்கத்துப் பலகையில் வைத்தாள்.

"உனக்குன்னுதான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். தின்னு."

என்னைத் தாண்டி நடந்து போனாள். தேநீரை அவன் குடிக்கவில்லை. நான் குடித்தேன்.

6

விழுந்த பையை ஜலீலா தூரிகையால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிழியவில்லை. எறும்பும் தொடவில்லை. பழைய கூட்டில் திரும்ப வைப்பதில் பயனில்லை. அந்தப் பெண் சிலந்தி அடுத்த முட்டைக்குத் தயாராகத் தொடங்கியிருக்கும். மிச்சமிருந்தது, பூஞ்சையில் தன் பையை இழந்த மற்றொன்று. அதன் கூட்டு வாயில் வைத்தாள்.

அது வந்தது. முன்கால்களால் தடவிப் பார்த்தது. உள்ளே போய்விட்டது.

(இங்கே கதையை முடித்திருந்தால் விமர்சகர்கள் என்னைப் பாராட்டியிருப்பார்கள்.)

அது மறுபடி வந்தது. பையை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. நடந்தது அதுதான். நான் என்ன செய்யட்டும்?

பிறகு காத்திருப்பு. இந்தச் சிலந்திகளில் குஞ்சுகளால் பையைக் கிழித்து வெளியே வர முடியாது; பெரியது கிழித்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளேயே செத்துப்போகும். கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம், ஆனால் வந்த குஞ்சுக்கு முதல் உணவை வாயிலிருந்து கக்கிக் கொடுப்பதும் அதே பெரியதுதான். அதைக் கத்தரிக்கோல் செய்யாது. இரவல் பையை இது கிழிக்குமா என்று ஜலீலாவுக்கும் தெரியாது.

அந்த நாட்களில் அவள் மப்ரூக்கோடு பேசவில்லை. தினமும் காலையில் அறை வாசலில் ஈ ஜாடி இருக்கும், கொண்டுவந்தவன் இருக்கமாட்டான். ரொட்டியை அவள் அறைக்குள் தின்றாள், அவன் பாம்புக் குழி ஓரத்தில் தின்றான். கூட்டத்துக்கு மாப்பிள்ளைக் கதை சொல்வதை நிறுத்திவிட்டான். கேட்டவர்களிடம், "அதான் பலகையில எழுதியிருக்கே, படிங்க" என்றான்.

ஒருநாள், வெயில் ஜன்னலைத் தாண்டும் நேரத்தில், அறையிலிருந்து அவள் கத்தினாள்.

"மப்ரூக்!"

அந்த அறையில் அவள் அதற்கு முன் குரலை உயர்த்தியதே இல்லை. டிக்கெட் மேசை பக்கத்தில்தான் இருந்தது, என்னைக் கூப்பிட்டிருக்கலாம். சி லஸ்ஹர் அலுவலகத்தில் இருந்தார்; அவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

பாம்புக் கொக்கியைக் கூடக் கீழே வைக்காமல் அவன் ஓடி வந்தான். இருவரும் பெட்டியின் முன் குனிந்தார்கள். பை ஓரத்தில் கிழிந்திருந்தது. வெளுத்த, மணலை விடச் சிறிய கால்கள் அந்தக் கிழிசலில் அசைந்தன.

"எல்லாம் வந்துடுச்சா?" என்றான் அவன்.

"வந்துக்கிட்டிருக்கு."

வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. இந்த இடத்தில் ஏதாவது சேர்க்கலாமா என்று பலமுறை பார்த்தேன். இடமில்லை.

குஞ்சுகள் வளர்ந்ததும் அந்தப் பெரிய சிலந்தியையே தின்றுவிட்டன. அவற்றின் வழக்கம் அது. (ஜலீலாவின் உத்தரவு: இதைப் பற்றி இதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதக் கூடாது.)

7

முடிவுகள்.

முதல் முடிவு: ஸ்ஃபாக்ஸ் போகும் ஷேர் வண்டி கிளம்பும்போது மப்ரூக் ஓடி வருகிறான். இதை எழுதும்போதே எனக்குப் பாட்டுச் சத்தம் கேட்டது. கிழித்தேன்.

இரண்டாவது: அவள் போகவில்லை. இது அவனுக்கு நியாயம், அவளுக்கு அநியாயம். அவள் போனாள். குஞ்சுப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோர இடத்தை ஒரு சிப்பாயிடம் சண்டை போட்டு வாங்கி, போனாள். மப்ரூக் அன்று ஒரு கூட்டத்தை உப்பு ஏரிக்கு அழைத்துப் போயிருந்தான். அந்தப் பயணத்தை அவனே கேட்டு வாங்கியிருந்தான்.

இப்போது அவளுக்கு ஸ்ஃபாக்ஸில் முழு அறை இருக்கிறது. கடல் ஈரத்தோடு மல்லுக்கட்டுகிறாள். போன வாரம் ஃபோனில் இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். தேள் பற்றிய இடத்தில் மட்டும் சிரித்தாள்.

"கடைசி வரி பாக்கி இருக்கு" என்றேன். "மன்னிச்சியா, இல்லியா? அதைச் சொன்னா முடிச்சிடுவேன்."

"மப்ரூக் உன்கிட்ட வாசிக்கச் சொல்லிக் கேப்பானா?"

"தினமும் கேக்கறான்."

அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த விசிறியை அவள் நிறுத்தினாள்.

"மன்னிச்சிட்டேன்னு எழுதினா நிம்மதியாயிடுவான். அவ்வளவு சீக்கிரம் வேண்டாம். மன்னிக்கலேன்னு எழுதினா சாப்பிடமாட்டான். அதுவும் வேண்டாம்."

"அப்போ நான் என்ன பண்றது?"

"முடிக்காதே" என்று வைத்துவிட்டாள்.

அதனால் முடிக்கவில்லை. தினமும் கடைசிக் கூட்டத்தை அனுப்பிவிட்டு மப்ரூக் என் மேசைக்கு வருகிறான். "முடிஞ்சுதா?" என்கிறான். "இன்னும் இல்ல" என்கிறேன். "அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறான். போகும்போது அவன் தோள்களைப் பார்த்து என்னால் எதுவும் கண்டுபிடிக்க முடிவதில்லை.

நீங்கள் எப்போதாவது தோஸருக்கு வரக்கூடும். இந்த மொழி தெரிந்தவர் என்று அவனுக்குத் தெரிந்தால் உங்களை ஓரமாக அழைத்துக் கேட்பான், கதை எப்படி முடிகிறது என்று. எனக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். என்ன சொல்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இதை வாசிக்கும் இடத்தில் உட்கார்ந்து அல்ல. அவன் முகத்தைப் பார்த்த பிறகு.